ஆறாவது நோட்டின் கடைசி ஒன்பது பக்கங்கள்

எங்கள் வீட்டுக் கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. உள்ளே போகிறவர் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அம்மா, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுது என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன். அந்தத் தாழ்ப்பாள் ஒழுங்காக இருந்திருந்தால் எஸ்.ஐ. யூனிஸ் மேடமும் ஏட்டு கன்னியம்மாள் அம்மாவும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்க மாட்டார்கள். நானும் அவர்களைப் பற்றி ஆறு நோட்டு எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் வீடு திருத்தணி மலைப் படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. என் அம்மா எல்லம்மாள் படியடியில் அர்ச்சனைத் தட்டு விற்கிறாள். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். நாலு பேர் நடுவில் நிற்கவைத்தால் எனக்குக் குரல் வராது. பள்ளிக்கூடத்தில் அதையே வேடிக்கையாக்கி, தினமும் எழுப்பி நிற்கவைத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பூக் கட்டுவதும், அரிசி டிரம்முக்குப் பின்னால் நோட்டை ஒளித்து வைத்து எழுதுவதும்தான் என் வேலை.

மலையில் பந்தோபஸ்து என்றால் பெண் போலீசார் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் எங்கே போவது என்பதுதான் காரணம். இது உங்களுக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் கழிவறை இருப்பதைக் கண்டுபிடித்தவர் கன்னியம்மாள் அம்மா. அவர்தான் யூனிஸ் மேடத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

கன்னியம்மாள் அம்மா பொதட்டூர்பேட்டைக்காரர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசி வளர்ந்தவர் என்பதால், அவர் காதோடு சொல்கிற ரகசியம்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். ஐம்பத்து நாலு வயது, நல்ல கனம். யூனிஸ் மேடத்துக்கு இருபத்தேழு வயதுதான், ஆனால் அவர்தான் அதிகாரி. அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். எதையும் நிமிஷக் கணக்கில் பார்ப்பார்.

"ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டுப் போனீங்க ஏட்டம்மா. அஞ்சு ஆச்சு."

"இன்னா மேடம், இதுக்கும் ரிப்போர்ட்டு எழுதப் போறீங்களா? கதவ நல்லா புடிங்க. நான் உக்காந்துகினு இருக்கறது ஆந்திரா வரைக்கும் தெரியுது."

நான் சமையல் மறைவில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிக்கொள்வேன். அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கும்படி நடந்துகொள்வதில்லை.

மொட்டைக் கொட்டகைத் திருடன் கதை இரண்டாவது நோட்டில் இருக்கிறது. செல்போன் திருடியவன் தப்பிப்பதற்காக மொட்டை அடித்துச் சந்தனமும் பூசிக்கொண்டு, முந்நூறு மொட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து இருவரும் எங்கள் வீட்டில்தான் சண்டை போட்டார்கள்.

"நீங்க ஒவ்வொருத்தன்கிட்டயும் ஆதார் கார்டு கேட்டுகினு இருந்தீங்க. நான் 'டேய், போலீசு வருது, ஓடுறா'ன்னு ஒரு குரல் குடுத்தேன். எவன் ஓடுனான்? அவன்தான் திருடன்."

"போலீஸே அப்படிக் கத்தலாமா? நான் மேல என்னன்னு எழுதறது?"

"புடிச்சோம்னு எழுதுங்க. எப்படின்னு எவன் கேக்கப் போறான்?"

"முதல்ல வாயில இருக்கறதத் துப்புங்க. யூனிஃபார்ம்ல தின்னாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஜனங்க போட்டோ எடுத்துப் போடறாங்க."

"பாப்பா, எனக்கு சுகர் இருக்குது. ஊசி போட்டுட்டு சாப்புடலன்னா கிறுகிறுன்னு வுழுந்துடுவேன். ஒரு சாக்லேட்டு வாயில போட்டா எந்திரிச்சிடுவேன். அதான் பாக்கெட்ல வெச்சிருக்கறேன்."

யூனிஸ் மேடம் அப்போது முகம் கழுவிக்கொண்டிருந்தார். காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

இந்த வருஷம் சித்திரையில் என் அம்மாவின் போனில் ஒரு படம் பார்த்தேன். தெலுங்கில் எடுத்துத் தமிழில் பேசவைத்த சிரிப்புப் படம். அதில் இரண்டு பெண் போலீசார். ஒருத்தி ஒல்லி, சட்டம் பேசுவாள். இன்னொருத்தி குண்டு, எப்போதும் தின்றுகொண்டிருப்பாள். ஒருவரை ஒருவர் சகிக்கமாட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு குண்டு போலீஸ் அடிபட்டு விழுகிறாள். ஒல்லி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்ததும் குண்டு போலீஸ் பிரியாணி கேட்கிறாள். அதற்கப்புறம் இருவரும் பிரிவதே இல்லை. அதை நான் பதினோரு தடவை பார்த்தேன்.

பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிற இருவரிடமும் எல்லாம் இருந்தது. அந்தத் தூக்கிக்கொண்டு ஓடுகிற காட்சி மட்டும்தான் இல்லை.

ஆனி மாதக் கடைசியில் கன்னியம்மாள் அம்மா சொன்னார்: "எங்க ஊரு ஸ்டேஷனுக்கே மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன் மேடம். ஆடிக் கிருத்திகை முடிஞ்சா கிளம்பிடுவேன். நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"நானும் அரக்கோணத்துக்கு எழுதியிருக்கேன்" என்றார் யூனிஸ் மேடம்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நீங்கள் என்னிடம், அவர்கள் மேல் உனக்கு என்ன கோபம் என்று மூன்று தடவை கேட்டீர்கள். கோபமே இல்லை அம்மா. என் வீட்டுக்குள் வந்து பேசியவர்கள் அவர்கள் இருவர்தான். ஆளுக்கொரு பக்கம் போய்விட்டால் ஆறாவது நோட்டு பாதியில் நின்றுவிடும். ஒருவரை ஒருவர் எவ்வளவு பிடிக்கும் என்பது அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். தெரியவைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஆடிக் கிருத்திகை அன்று காலை எட்டு மணிக்குக் கன்னியம்மாள் அம்மா வந்தார். ஊசி போட்டுக்கொண்டார். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். விசில் வைக்கிற பாக்கெட்டில் நான்கு மிட்டாய் இருந்தன. நான்கையும் எடுத்துக்கொண்டேன். ஒன்றை விட்டுவைத்தால் காட்சி வராமலே போய்விடும் என்று தோன்றியது.

அவர் டிபன் டப்பாவைத் திறக்கும்போது வாக்கி டாக்கியில் யூனிஸ் மேடத்தின் குரல் வந்தது. பாதிப் படியில் காவடிக் கூட்டம் நெருக்குகிறது, உடனே வாருங்கள் என்று.

"ஹேமா, இத்த எட்டரைக்குள்ள கொண்டாந்துடும்மா. மண்டபத்துத் திருப்பத்துல நிப்பேன். மறந்துடாத, இன்னா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் டப்பாவைத் தராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டீர்கள். அதை நான் யோசிக்கவில்லை. எனக்குச் சௌகரியமாக அமைந்தது.

எட்டரைக்கெல்லாம் நான் மண்டபத்துத் திருப்பத்தில் இருந்தேன். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கையில் நோட்டு, நோட்டுக்கு அடியில் டப்பா, தாவணி முடிச்சில் மிட்டாய். கன்னியம்மாள் அம்மா இரண்டு தடவை கீழே எட்டிப் பார்த்தார், என்னைத் தேடித்தான். பத்து நிமிஷத்துக்கெல்லாம் அவருக்கு வேர்க்க ஆரம்பித்தது. பிறகு பேச்சு குழறியது. "பாப்பா, தறி நின்னுபோச்சா, சத்தமே கேக்கலியே" என்றார். யூனிஸ் மேடம், "என்ன ஏட்டம்மா, தூக்கமா?" என்று கேட்டார். அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும், இந்த ஊரிலேயே பிறந்தவள் நான். ஆடிக் கிருத்திகை அன்று, மலைப் படியில், பம்பைச் சத்தத்துக்கு நடுவே ஒரு பொம்பளை வேர்த்து விறுவிறுத்து, கண் செருகி, புரியாமல் பேசிக்கொண்டு ஆடினால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? சாமி வந்துவிட்டது என்றார்கள். அரோகரா என்று கத்தினார்கள். சுற்றி வட்டம் கட்டினார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். ஒரு கிழவி நெற்றி நிறைய விபூதி பூசி, வாயிலும் கொஞ்சம் போட்டாள். போலீஸ்காரம்மாவுக்கே சாமி வந்துவிட்டது என்று ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

யூனிஸ் மேடம் கையைப் பிடிக்கப் போனார்.

"தொடாதீங்க மேடம். சாமி வந்திருக்குது. தானா மலையேறும்" என்றார் பம்பை அடிக்கிறவர்.

"நெஜமாவா? உடம்புக்கு ஏதாச்சும்..."

"உங்களுக்குத் தெரியாதும்மா. நீங்க வேற. தள்ளி நில்லுங்க."

யூனிஸ் மேடம் சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு இரண்டு படி இறங்கி நின்றார். மரியாதைக்காகத் தள்ளி நின்றார் அம்மா. தொப்பியைக்கூடக் கழற்றிக்கொண்டார். கன்னியம்மாள் அம்மா அவர் பக்கம் கையை நீட்டி நீட்டி ஏதோ கேட்டார். அருள்வாக்கு என்று நினைத்து நாலு பேர் கையேந்தினார்கள். எனக்கு அது நன்றாகக் கேட்டது. "சாக்லேட்டு" என்றார்.

அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். அத்தனை பேர் நடுவில் எனக்குக் குரல் வராது என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன். பேச வேண்டாம், மிட்டாயை மட்டும் நீட்டியிருக்கலாமே என்கிறீர்கள். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தினால் யார் எதைச் சொன்னார்கள் என்பது மாறிப்போகும். அந்தக் கடைசி ஒன்பது பக்கங்களில் முதல் பக்கத்தின் மூலையில் ஒன்பது ஐந்து என்று நேரம் போட்டிருக்கிறேன், ஐந்தாவது பக்கத்தில் ஒன்பது இருபது. அந்தப் பதினைந்து நிமிஷமும் ஒரு வார்த்தை விடாமல் அதில் இருக்கிறது.

ஒன்பது இருபதுக்கு அவர் விழுந்தார். கல் படியின் விளிம்பில் தலை பட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் வட்டம் கலைந்தது. யூனிஸ் மேடம் அவரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார். பாதி எடைகூட இல்லாதவர், அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நூற்றெண்பது படி இறங்கினார். "ஏட்டம்மா, பேசுங்க. என்னைத் திட்டுங்க. ஏதாவது தின்னுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். படத்தில்கூட இவ்வளவு நன்றாக இல்லை.

மிட்டாயைக் கீழே போய்க் கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் படியடியில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. ஏற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள். நான் டப்பாவோடு நின்றேன். மத்தியானம் என் அம்மா வந்து, ஏட்டம்மா செத்துப்போச்சாம் என்றாள். டப்பாவில் நான்கு இட்லி இருந்தது. அன்று சாயங்காலம் அதைச் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைத்தேன். வீணாக்க வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு யூனிஸ் மேடம் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கழிவறைக்காக இல்லை. சும்மா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் தின்னாதீங்கன்னு சொன்னேன் ஹேமா. நான்தான் தள்ளி நின்னேன்" என்பார். அரக்கோணத்துக்கு எழுதிக் கொடுத்ததை வேண்டாம் என்று திரும்ப வாங்கிவிட்டார். கன்னியம்மாள் அம்மாவின் விசிலை அவர்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார். நான் நினைத்தது நடந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர் சிரிக்கவே இல்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால்தான் முப்பதாம் நாள் ஆறு நோட்டையும் நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானே கொடுத்தேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்து படித்தார். மொட்டைக் கொட்டகைத் திருடன் வந்தபோது சத்தம் போட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயாடி எழுதினே? ஏட்டம்மா குரல் அப்படியே இருக்குதே" என்று என் கன்னத்தைப் பிடித்தார். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆறாவது நோட்டின் கடைசி ஒன்பது பக்கம் வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

பிறகு அவர் என்னை அடிக்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உங்களுக்குப் போன் செய்தார். அது உங்களுக்குத் தெரியும்.

மிட்டாயை எடுத்தது நான். டப்பாவைக் கொடுக்காமல் நின்றது நான். தெரிந்தேதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் வேண்டும். ஆம்புலன்ஸில் என்னை ஏற்றிக்கொள்ளாததால், உள்ளே கன்னியம்மாள் அம்மா கடைசியாக என்ன சொன்னார், அதற்கு யூனிஸ் மேடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். நான் கேட்டால் மேடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நீங்கள் கேட்டால் சொல்வார். வார்த்தை மாறாமல் கேட்டுச் சொல்லுங்கள்.