வாலட்டில் கோளாறு இல்லை

வாலட் பெட்டி கைக்கு வந்ததும் முதலில் அதன் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மேடம். முக்கால்வாசிப் பேர் ஆசையில் கிழித்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் நடுவில் யாராவது திறந்தார்களா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. என்னிடம் கேட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. அலுத்துக்கொண்டாலும் கேட்டுக்கொண்டார்கள்.

உங்கள் ஃபைலில், 'கருவியின் பாதுகாப்புக் குறைபாட்டைப் பயன்படுத்தித் திருட்டு' என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த வரியைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சிதம்பரத்தில் பஸ் ஏறி நானாகத்தான் வந்தேன். வாசலில் இருந்த கான்ஸ்டபிள் நான் புகார் கொடுக்க வந்தவன் என்று நினைத்து உட்காரச் சொன்னார். ஒரு வகையில் அதுவும் சரிதான்.

என் பெயர் உத்திராபதி. மேல வீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். இளவரசு என் தங்கை எழிலரசியின் வீட்டுக்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. வருஷத்தில் பாதி கடலில், பாதி திருப்பாதிரிப்புலியூர் வீட்டில். கூட வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் சொல்லி, ரொம்ப முன்னாலேயே பிட்காயின் வாங்க ஆரம்பித்தவர். எல்லாவற்றையும், இணையத்தில் பிட்காயின் வாங்கி விற்கிற ஒரு எக்ஸ்சேஞ்சில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் அந்த எக்ஸ்சேஞ்ச் திடீரென்று, இப்போதைக்கு யாரும் எதையும் வெளியே எடுக்க முடியாது என்று அறிவித்துவிட்டது. மனிதர் கப்பலிலிருந்து எனக்குப் போன் போட்டு அழுதார். கொஞ்ச நாளில் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். ஆனாலும் பயம் போகவில்லை.

"மச்சான், இனிமே எவனையும் நம்ப மாட்டேன். என் காசு என் கையில இருக்கணும். எந்த வாலட் வாங்குறதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. பிட்காயினை நம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள உதவுகிற கையடக்கக் கருவிதான் ஹார்டுவேர் வாலட்; அப்படி விற்பதெல்லாம் ஒரே மாதிரி இல்லை. புளூடூத்தில் போனோடு பேசுகிறது ஒன்று. திரை இத்தனூண்டாக இருந்து, காசு எந்த முகவரிக்குப் போகிறது என்று முழுதாகப் படிக்கவே முடியாதது ஒன்று. உள்ளே ஓடும் நிரலை வெளியில் காட்டுகிற கம்பெனி உண்டு, நம்பிக்கோ என்று மட்டும் சொல்கிற கம்பெனியும் உண்டு. பாதி விலைக்கு செகண்ட் ஹேண்ட் வரும். அதைத் தொடவே கூடாது. நான் தேர்ந்தெடுத்தது அழகில்லாதது. கேபிள் போட்டால்தான் வேலை செய்யும். ஆனால் திரை பெரிது, நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செய்த கம்பெனியிடமே நேராக ஆர்டர் போட்டு, கஸ்டம்ஸ் கட்டி வரவழைத்தேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்வேன்.

உங்களுக்காக ஒன்றை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். காசு அந்தக் கருவிக்குள் இல்லை. அதை முதன்முதலாக ஓட விடும்போது, திரையில் இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள் வரும். அந்தச் சொற்கள்தான் எல்லாம். கருவி உடைந்தாலும் தொலைந்தாலும், சொற்கள் இருந்தால் வேறு கருவியில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். சொற்கள் தெரிந்தவனே சொந்தக்காரன்.

இளவரசுக்கு ஆங்கில ஸ்பெல்லிங் தகராறு. அதனால் நான் திரையைப் பார்த்துப் படிக்கப் படிக்க, அவர் இரும்புத் தகட்டில் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் அடித்துப் பதித்தார். எழிலரசி அடுப்படியில் இருந்தாள். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமே அவள் வரவில்லை. முடிந்ததும் தகட்டைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவளே வைத்துக்கொண்டாள்.

நான் படித்தேன். படித்தது எனக்கு மறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி. அதை என் குற்றமாக யாரும் சொல்ல முடியாது. அந்தச் சொற்களை மனதில் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் அந்தக் காசின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்தவன் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் வடலூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. இளவரசு லீவில் வந்திருந்தார். பந்தி முடிந்து ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய சித்தப்பா மகன் ஸ்ரீதர் அந்தப் பேச்சை எடுத்தான். பாண்டிச்சேரியில் சாஃப்ட்வேர் வேலை. சின்னப் பையன். வாலட்டின் பெயரைக் கேட்டதும் சிரித்தான்.

"யாருண்ணே உங்களுக்கு இத வாங்கிக் குடுத்தது? இதெல்லாம் பழைய மாடல். இப்பல்லாம் ஏடிஎம் கார்டு மாதிரி வருது. போன்ல ஒரு தட்டு தட்டுனா போதும்."

"நம்ம மச்சான்தான். அவரு கடையில இன்னும் பழைய விண்டோஸ் எக்ஸ்பிதானடா ஓடுது" என்றார் இளவரசு. "நீயே ஒண்ணு ஆர்டர் போட்டுடு."

எல்லோரும் சிரித்தார்கள். தாம்பூலத் தட்டோடு வந்த எழிலரசியும் சிரித்தாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நானும்தான் சிரித்தேன்.

அடுத்த வாரம், கடையில் இருந்த அதே மாடலில் அந்தச் சொற்களைப் போட்டு, இருந்ததையெல்லாம் நான் புதிதாக உண்டாக்கிய ஒரு வாலட்டுக்கு மாற்றினேன். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. திருட்டு என்று நீங்கள் எழுதுவீர்கள். நான் அதை ஒரு பாடம் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வருவார். பார்த்தீர்களா, கருவி எதுவாக இருந்தாலும் சொற்களைக் காப்பாற்றத் தெரியாவிட்டால் இப்படித்தான் என்று சொல்லி, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதுதான் என் எண்ணம். அதிலிருந்து ஒரு பைசாவை நான் தொடவில்லை. எப்படி எடுத்தேனோ அப்படியே இருக்கிறது. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் என்னிடம் ஓடி வரவில்லை. ஸ்ரீதரிடம் போனார். அவன் ஆர்டர் போட்ட கார்டு வாலட் வந்து, காசை அதற்கு மாற்றப் பார்த்தபோதுதான் ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் அவனோடு உட்கார்ந்து என்னென்னவோ பார்த்துவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டுதான் என் கடைக்கு வந்தார். நேராக என்னிடம் வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

உள்ளே வரும்போதே ஸ்ரீதர் சொன்னான். "ஹேக் பண்ணிட்டானுவோ. நான் அன்னிக்கே சொன்னன்ல, இந்த டப்பா ஆவாதுன்னு."

"இத ஹேக் பண்ண முடியாது தம்பி" என்றேன். "அந்த இருபத்துநாலு சொல்லும் தெரிஞ்ச ஆளுதான் எடுத்திருக்கணும்."

"எனக்கே மனப்பாடமா தெரியாது மச்சான். தகட்ட பாத்தாதான் உண்டு" என்றார் இளவரசு.

"தகடு எங்க இருந்துச்சு மாப்ள?"

"பீரோவுல."

"நீங்க கப்பல்ல இருந்தப்ப சாவி?"

"எழிலுகிட்ட."

அவ்வளவுதான் பேச்சு. நான் யார் மேலும் பழி போடவில்லை. கேள்விதான் கேட்டேன். பதில் சொன்னது அவர். என்றோ நான் படித்துக் காட்டியது அவர் நினைவுக்கே வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு அன்றைக்கு அந்தக் கருவியைப் பற்றி ஸ்ரீதர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குக் காதில் விழுந்ததுதான். அவளுடைய போனைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். மகள் இலக்கியாவின் ஸ்கூல் வேன் டிரைவர் நம்பர் அதில் அடிக்கடி வந்திருக்கிறது. மழையில் வேன் எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பேசியது. அவனிடம்தான் சொற்களைக் கொடுத்தாயா, எவ்வளவு நாளாகப் பழக்கம் என்று கேட்டு அடித்திருக்கிறார். பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, இவளை ஒரு பையோடு வெளியே அனுப்பிவிட்டார். தெருவே பார்த்திருக்கிறது. ஆத்திரத்தில் செய்கிற மனிதர்தான், கெட்டவர் இல்லை.

எழிலரசி நேராக என் கடைக்கு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு இருந்த பிறந்த வீடு நான்தான். வீட்டுச் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். அதை அவள் தொடவில்லை.

"அண்ணே, இந்த விஷயத்துல நீ சொன்னா அவரு கேப்பாரு. அந்தப் பொட்டியிலயே ஏதோ கோளாறு இருந்திருக்கும்னு ஒரு வார்த்த சொல்லுண்ணே."

"அதுல கோளாறு இல்ல எழிலு."

"இருக்குதோ இல்லியோ. இருந்திருக்கலாம்னு சொல்லு. எம் பொண்ணு நேத்துலேருந்து சாப்புடல. நான் அங்க போவணும்."

"இல்லாத கோளாற இருக்குதுன்னு எப்படிச் சொல்றது? ஊர்ல எத்தினி பேருக்கு அதையே வாங்கிக் குடுத்திருக்கேன், தெரியுமா?"

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப நாந்தான் எடுத்தேன்னு நீயும் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல. கருவி சரியா இருக்குதுன்னு மட்டும் சொல்றேன்."

தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. பிச்சாவரம் பக்கம் போகிற கிள்ளை பஸ்ஸில் ஏறியதைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். எங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் கிடையாது. பிச்சாவரத்துப் படகுக்காரர்கள்தான் மறுநாள் தகவல் சொன்னார்கள். உப்பங்கழியில் சுரபுன்னை மர வேர்களுக்கு நடுவில் அவளுடைய புடவை சிக்கியிருந்ததாம். உடலை அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது நான்தான் போனேன். பிறந்த வீட்டுக் கோடியும் நான்தான் போட்டேன். அண்ணன் செய்ய வேண்டியது எதையும் விட்டுவைக்கவில்லை.

இளவரசு அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு, என் காலைக் கட்டிக்கொண்டார். "பாவி நான், அவ எடுத்திருக்க மாட்டா மச்சான், அது அந்தச் சனியன் புடிச்ச டப்பாதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அங்கேதான் பிடித்தது வினை. ஸ்ரீதர் அதை வீடியோவாகவே போட்டுவிட்டான். கருவியின் பெயரைச் சொல்லி, அதை வாங்கிக் கொடுத்த சிதம்பரத்துக் கடைக்காரர் என்று என்னையும் சொல்லி. பெரிய பெரிய வாடிக்கையாளர்கள் என் கடைக்கு வந்து வாலட்டை மேசையில் வைத்து, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அப்புறம் உங்கள் ஃபைலிலும் அதே கதை. ஒரு தப்பும் செய்யாத ஒன்றின் மேல் இப்படி அபாண்டம் விழுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால்தான் வந்தேன்.

எடுத்தது நான். புது வாலட்டின் சொற்களை இப்போதே எழுதித் தருகிறேன். இளவரசிடம் கொடுத்துவிடுங்கள். என்ன பிரிவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். நான் வக்கீல் வைக்கப் போவதில்லை. அழுவேன் என்று எதிர்பார்த்தால் அதுவும் நடக்காது. கருவி ஹேக் ஆகவில்லை, ஆகவும் முடியாது என்று மட்டும் தெளிவாக எழுதுங்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள், மேடம்? அந்த டப்பாவுக்காக இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவன், அன்றைக்குத் தங்கைக்காக ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் எழுந்து போனபோதே தெரியும். ஆனால் இத்தனை வருஷத் தொழிலில் நான் யாரிடமும் ஒரு பொய் சொன்னதில்லை. தங்கச்சி என்பதற்காக அன்றைக்கு ஆரம்பிக்க முடியுமா?