நெஞ்சில் வைத்த கை

எனக்கு நகைச்சுவை பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் எல்லாப் படங்களிலும் கூடவே ஒரு காமெடியன் இருப்பான். நான் அடித்தால் விழுவான். நானும் சிரித்திருக்கிறேன்.

காமெடியன் ஒல்லி மேல் எனக்குக் கோபம் கிடையாது. விருது விழா என்றால் தொகுத்து வழங்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஜனங்கள் எங்களைப் பார்க்க வருகிறார்கள், அவன் எங்களைக் கிண்டல் செய்வதைக் கேட்கத்தான் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என் மைத்துனன் சொல்வான். மைத்துனன் எதையும் யோசித்துப் பேசுகிறவன் அல்ல.

நெஞ்சில் கை வைப்பது என் வழக்கம். வலது கையை இடது மார்பில் வைத்துக் கண்ணை மூடுவேன். பாஸ்போர்ட் படத்துக்குக்கூட அப்படி நின்ற ரசிகர்கள் உண்டு. போன வருடம் விருது வாங்கி நான் கை வைத்தபோது ஒல்லி மைக்கில் சொன்னான்: "பயப்படாதீங்க, அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. பர்ஸ் இருக்கான்னு பாக்குறாரு."

அரங்கம் சிரித்து அடங்க நேரமாயிற்று. என் மனைவியும் சிரித்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் அதற்கு வேலை இருந்ததில்லை என்றாள்.

இந்த வருடம் எனக்கு வாழ்நாள் சாதனை விருது. மேடையின் நடுவில் ஒரு வட்டத் தட்டு, லிஃப்ட் மாதிரி. மற்றவர்கள் கீழறையிலிருந்து அதில் நின்றபடி மேலே வருவார்கள். எல்லோரும் செய்வதை நான் செய்வதில்லை. நடந்து வருவேன், பேசுவேன், பிறகு விருதோடு மெல்ல இறங்கி மறைவேன் என்று சொல்லிவிட்டேன். சூரியன் மறைவது போல. ஏற்பாட்டாளர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

லிஃப்ட்காரரிடம் நானே சொன்னேன். என் கையை மட்டும் பாருங்கள். அது நெஞ்சுக்குப் போனால் பொத்தானை அழுத்துங்கள். வேறு எதற்கும் இறக்காதீர்கள். அவர் சொன்னபடிதான் செய்தார். அவர்மேல் தப்பில்லை.

ஒத்திகையில் ஒல்லியும் இருந்தான். தட்டு கீழறைத் தரையில் போய்ப் படிந்தது. அடியில் விரல் நுழைய இடமில்லை. என் தலை முழுதாக மறைந்தது. திருப்தியாக இருந்தது.

விழாவில் என்னைப் பற்றிய படம் திரையில் ஓடியது. நானே வெட்டி ஒட்டியது. நீளமானது. அந்த நேரத்தில் ஒல்லியைக் கீழே கூட்டிப்போனேன். என் மோதிரம் தட்டுக்கு அடியில் உருண்டுவிட்டது என்றேன்.

"கல்லு வெச்சதா அண்ணே, இல்ல உங்க படமே வெச்சதா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து உள்ளே போனான்.

என் படம் வைத்ததுதான். தட்டு இறங்கும் குழியின் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்றுதான். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

மேலே வந்து நன்றி சொல்லத் தொடங்கினேன். என் அம்மாவுக்கு. முதல் தயாரிப்பாளருக்கு. என் உழைப்புக்கு. அந்த இடத்தில் என் காலுக்கடியிலிருந்து அரங்கம் முழுக்க ஒரு குரல் கேட்டது. அவன் காலரில் குத்தியிருந்த மைக்கை மறந்துவிட்டேன்.

"யாராவது கதவைத் திறங்க. நான் கீழ மாட்டிக்கிட்டேன்."

சிரித்தார்கள். விளையாட்டு இல்லை, நிஜமாகத்தான் என்றான். இன்னும் சிரித்தார்கள். ஒலி பார்க்கிறவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

பாவம், அவனுக்குத் தொழில் வியாதி. சிரிப்பு காதில் விழுந்ததும் உதவி கேட்பதை விட்டுவிட்டான். என்னை உருவாக்கிய இயக்குநர்களுக்கு நன்றி என்றேன். அவர்களும் பக்கத்துக் குழியில்தான் இருக்கிறார்களா என்று கேட்டான். ரசிகர்கள்தான் என் உயிர் என்றேன்.

"அப்ப உங்க உயிர்ல பாதி கொட்டாவி விடுது அண்ணே, இங்க வரைக்கும் கேக்குது."

நான் பேசிக்கொண்டே இருந்தேன். இதைக் கவனியுங்கள். நான் பேசும்வரை தட்டு இறங்காது. அவ்வளவு நேரம் அவன் உயிரோடு இருந்தது என் பேச்சினால்தான். இதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

பிறகு அவன் குரல் மாறியது. ஒத்திகை நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அண்ணே, கெஞ்சிக் கேக்குறேன். நெஞ்சுல மட்டும் கை வெச்சுடாதீங்க."

அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். முன்வரிசையில் என் மனைவி மைத்துனன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் புண்பட்டது. மனம் புண்பட்டால் என் கை எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும்.

தட்டு இறங்கியது. மைக்கில் ஒரு முறை "அண்ணே" என்று கேட்டது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

ஒன்று மட்டும் ஒத்திகைபோல நடக்கவில்லை. தட்டு தரையைத் தொடவில்லை. கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. என் தலைமுடி மட்டும் மேடைக்கு மேலே தெரிந்ததாகப் பிறகு சொன்னார்கள். அரங்கமே எழுந்து நின்றது. சிரிப்பு எது, கைதட்டல் எது என்று பிரிக்க முடியாத சத்தம். என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அது அடங்கும்வரை அசையாமல் நின்றேன்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கைதட்டலை மட்டும் அவன் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.