சட்டைப்பையைத் தவிர

மாவுப்புழு நாறாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களும் முகத்தைச் சுளிக்கிறீர்கள். ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், புழுத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். நான் சாப்பிட்டிருக்கிறேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய்த் தூண்டில் போடுவேன். வேறு கெட்ட பழக்கம் கிடையாது. விலைக்கு வாங்கும் இரைப்புழு பாதி செத்துக் கிடக்கிறது என்று வீட்டிலேயே வளர்க்கத் தொடங்கினேன். பின்னறை அலமாரியில் தவிடு பரப்பிய தட்டுகள். புழு கூட்டுப்புழுவாகி, வண்டாகி, முட்டையிட்டு, மறுபடி புழுவாகும். பேச்சு வார்த்தை இல்லாத குடும்பம்.

சகலை வந்து தங்கியது அந்த அறையில்தான். என் மனைவியின் அக்கா, மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். சகலைக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. "அக்கா வர்ற வரைக்கும் அத்தான் இங்கயே இருக்கட்டுமே" என்றாள் மனைவி. கட்டிலைத் தூக்கிப் போட்டது நான்தான். தலையணைக்குப் புது உறை வாங்கி மாட்டியதும் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் நல்ல மனிதர். ஆனால் வாய் ஓயாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஏரிக்கு அழைத்துப் போனேன். தூண்டிலை வாழ்நாளில் தொட்டதில்லை என்றார். கம்பு என்னுடையது, புழு என்னுடையது, கோத்துக் கொடுத்ததும் நான். தக்கை முங்கியது. கைக்குழந்தை கனத்தில் ஒரு கெண்டையை இழுத்துக் கரையில் போட்டார். எனக்கு அதுவரை அதில் பாதிகூடச் சிக்கியதில்லை. ஆட்கள் கூடிவிட்டார்கள். என்ன இரை என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சகலை சிரித்தார்.

"புழுவுல என்னங்க இருக்கு? எல்லாம் கைராசி."

எனக்குக் கோபம் வரவில்லை. மீனை வீடுவரை சுமந்து வந்தேன். சாப்பிடும்போது மனைவியிடமும் அதையே சொன்னார். அவளும் சிரித்தாள்.

அந்த வாரமே அவருக்குத் தும்மல் பிடித்தது. பிறகு கண் சிவந்தது, பிறகு மூச்சிரைப்பு. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சகலையை ரத்தம் எடுக்க வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் விசாரித்தார். வீட்டில் நாய், பூனை, புறா உண்டா, தூசி பறக்கிற வேலை ஏதாவது நடக்கிறதா என்றார். சிலருக்குப் பூச்சிகளின் எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் ஏறினாலே நெஞ்சடைத்துக்கொள்ளுமாம்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றேன்.

மனைவி கெட்டிக்காரி. யாரும் சொல்லாமலே, "அந்தப் புழுத் தட்டையெல்லாம் அலமாரியிலேர்ந்து எடுத்துடுங்களேன்" என்றாள். எடுத்தேன். எடுத்து, கட்டிலுக்கடியில் போர்வை தொங்குகிற பக்கமாக வைத்தேன். எங்கே வைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. இருவரும் புழு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தார்கள்.

தவிட்டை அவ்வப்போது சலிக்க வேண்டும். புழு சல்லடையில் தங்கும், எச்சம் மாவு போலக் கீழே இறங்கும். முன்பெல்லாம் மொட்டைமாடியில் சலிப்பேன். இப்போது சகலை குளிக்கப் போகும் நேரம் பார்த்துப் பின்னறையிலேயே சலித்தேன், ஜன்னலைச் சாத்திவிட்டு. தூள் பறந்து அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதல்லவா. வாரம் ஒருமுறை போதும்தான். நான் தினமும் சலித்தேன். தலையணையில் படிந்ததைத் தட்டிவிடவில்லை. உள்ளங்கையால் ஒரே சீராகத் தடவிவிட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

அன்று காலை மனைவி கடைக்குப் போயிருந்தாள். சகலை கட்டிலில் குந்தி, இரண்டு கைகளையும் ஊன்றி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் கொடுத்த, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தைத் தலைமாட்டில் தடவினார்.

"சகலை... மருந்து..."

"தேடறேன் சகலை, பதறாதீங்க."

தேடினேன். அலமாரியில் பார்த்தேன், மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், குனிந்து கட்டிலுக்கடியிலும் பார்த்தேன். சட்டைப்பையைத் தவிர எல்லா இடத்திலும் தேடினேன். விடிந்ததும் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது நான்தானே. அவர் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. பிடி தளரும்வரை நான் அந்தக் கையை உதறவில்லை.

சாவு வீட்டில் என்னைவிட அதிகமாக யாரும் அழவில்லை, வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். என் மனைவி முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "நீங்க எவ்வளவோ பாத்துக்கிட்டீங்க. உங்களை நீங்களே குத்தம் சொல்லிக்காதீங்க" என்றாள்.

அவள் பேச்சை நான் என்றுமே தட்டியதில்லை. இதிலும் தட்டவில்லை.