“நானும்தான் கேக்கல” என்று சொன்ன பேராசிரியர்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, மேடையில் என் அருகில் இருக்கும் பெயிண்டர் ஐயா அவர்களே, மறைந்த நம் பேராசிரியர் அம்மையாரின் அண்ணனும் முன்வரிசையில் அமர்ந்திருப்பவருமான டாக்டர் ஐயா அவர்களே, அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் பழைய மாணவ மாணவிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

பேராசிரியர் அம்மையாரும் நானும் பதினாறு ஆண்டுகள் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் இருந்தோம். நான் சட்டம் நடத்துகிறவன். தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழு எப்படி நடக்க வேண்டும் என்று முதுகலை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தப் பாடத்தை அவர் தொடங்கிய வாரத்தில் நான் கேலி செய்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். “மாசம் ஒரு தடவ உக்காந்து, காபி குடிச்சு, கையெழுத்துப் போட்டுட்டு எழுந்திரிக்கிறதுக்கு ஒரு பாடமா மேடம்?” என்றேன். கோபப்பட்டாரா? இல்லை! “அப்படித்தான் சார் நடக்குது. அதனாலதான் பாடம் வேணும்” என்றார்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஏன் மேடம்’. என்ன பதில் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்பார். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கு எட்டாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை. கீழே கையெழுத்து: ‘இப்படிக்கு, ஏன் மேடம்’!

நண்பர்களே, அவருடைய பெருமையைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். ஆனால் அவர் தவறிய ஓர் இடத்தைச் சொன்னால்தான் அந்தப் பெருமை முழுதாகப் புரியும். ஆண்டுதோறும் முதல் வகுப்பில் அவரே சொன்ன கதைதான் இது.

முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்காக டாக்டர் ஐயா ஓர் இல்லம் நடத்திவந்தார். அதன் நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். அண்ணன், அண்ணி, அண்ணியின் தம்பி, ஒரு குடும்ப நண்பர், அம்மையார். மாணவர்கள் ஆளுக்கொரு நிறுவனத்தின் கூட்டத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது வகுப்பின் விதி. அப்படி அந்த இல்லத்துக்குப் போனவர், பகலில் படிப்பு, மாலையில் மருத்துவமனை வேலை என்றிருந்த ஒரு நர்ஸ் மாணவி.

மறுவாரம் வகுப்பில் அவர் எழுந்து நின்றார். “மேடம், கூட்டம் நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. அப்புறம் நான் மாடிக்குப் போய்ப் பாத்தேன். லிஃப்ட் ரிப்பேராகி மூணு வாரமாச்சு. ஆறு பேர் கீழ இறங்கவே இல்ல. ஒருத்தருக்கு முதுகுல படுக்கைப்புண். கூட்டத்துல யாருமே ஒரு கேள்வி கேக்கல.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “நீங்களும் கேக்கல மேடம்.”

நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தில் சமாளித்திருப்போம்! லிஃப்ட் விஷயம் எனக்குத் தெரியாது என்றிருப்போம். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன் என்றிருப்போம். அம்மையார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மாணவர்களோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். “ஆமாம்மா. நானும்தான் கேக்கல. கேக்கிறதுக்குத்தான் எனக்கு அங்க நாற்காலி போட்டிருக்காங்க” என்றார். வகுப்பு முடிந்ததும் நேரே இல்லத்துக்குப் போனார். மாடியேறி, அந்த ஆறு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் அண்ணனின் அறைக்கதவைத் தட்டினார்.

டாக்டர் ஐயா கெட்டவரா? ஒருநாளும் இல்லை. இரவு பகல் பாராமல் உழைத்தவர். லிஃப்ட் கெட்டதைத் தானே சரிசெய்துவிடலாம், வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்று மூடிவைத்திருந்தார். அன்று தங்கை வந்து நின்றதும் வெடித்துவிட்டார்.

“என் வீட்டுக்கே வந்து எனக்கே வகுப்பு எடுக்கிறியா?”

“இது உங்க வீடு இல்லண்ணா. அவங்க வீடு. நீங்க, நான், அண்ணி எல்லாரும் ஒண்ணா உக்காந்தா, யாரு யாரைக் கேள்வி கேப்பா?”

பத்து நாளில் லிஃப்ட் ஓடியது. குடும்பத்தார் ஒவ்வொருவராக விலகி, இல்லத்தில் இருப்பவர்களில் இருவர் குழுவில் உட்கார வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து, நிறைவேற்றி, முதல் ஆளாக விலகினார் அம்மையார். விலை? இரண்டு ஆண்டுகள் அண்ணன் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு ஆண்டும் எதிர்மேசையில் இருந்து நான் பார்த்தேன். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவர் முகம் ஒருகணம் மலரும். வேறு யாரோ பேசுவார்கள்.

மூன்றாம் ஆண்டு ஒருநாள் டாக்டர் ஐயா சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். “இப்பல்லாம் கூட்டம் மூணு மணி நேரம் ஆகுதும்மா. குழுவுக்கு வந்திருக்கிற அந்தப் பெயிண்டர் கேள்வி கேட்டே என்னை உலுக்கி எடுக்கிறார்” என்றார். “ஆனா நான் இப்ப நிம்மதியாத் தூங்குறேன்.” அம்மையார் அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

நோய் வந்தபின், யாரும் சொல்வதற்கு முன்பே பாடத்தை என்னிடம் கொடுத்தார். என் முதல் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார். விழித்தேன். தெரியவில்லை என்றேன். வெளியே வந்ததும் தோளில் தட்டி, “தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, பாஸ் பண்ணிட்டீங்க சார்” என்றார். கேலி செய்தவனையே தன் பாடத்துக்குப் பொறுப்பாக்கிய மனசு அது! அந்த மனசுக்கு என்ன நன்றி சொல்வேன்?

உங்கள் முன் ஓர் உறுதி சொல்லி முடிக்கிறேன். அந்த வகுப்பு நிற்காது. நான் தனியாகவும் எடுக்கப்போவதில்லை. சாரத்திலிருந்து விழுந்து, அந்த இல்லத்துக்கு வந்து, இன்று அதன் நிர்வாகக் குழுத் தலைவராக இருக்கும் பெயிண்டர் ஐயா என்னோடு சேர்ந்து பாடம் நடத்தச் சம்மதித்திருக்கிறார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: “நான் வரணும்னா வகுப்பு கீழ்த்தளத்துல நடக்கணும்.” முதல்வர் இன்று காலை உத்தரவு போட்டுவிட்டார். வாசற்படியில் சாய்தளம் கட்டும் வேலையும் தொடங்கிவிட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதல் வகுப்பு. அம்மையாரே, நாங்கள் இருவரும் அங்கே இருப்போம்.