தங்கமான மாப்பிள்ளை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் டாக்டர். வெளியே போட்டிருக்கிற உங்கள் நாற்காலிகள் முதுகுக்கு ஆகாது. காலமெல்லாம் மெத்தை விற்கிறவன் சொல்கிறேன், மாற்றிவிடுங்கள். என் கடையில் படுத்துப் பார்த்து வாங்கிப் போன ஜோடிகளில் பாதிப் பேர் அடுத்த வருடமே தொட்டில் மெத்தைக்கு வந்து நின்றார்கள். கடைக்காரனுக்குத்தான் அந்த ராசி இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இன்று காலை என் மனைவியிடமிருந்து முட்டைகளை எடுத்துவிட்டீர்கள். பிறகு நான் கொடுத்த டப்பாவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தீர்கள், ஒரு விந்தணுகூட இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் கொடுத்தது மட்டும் எப்படி அத்தனை அமோகமாக இருந்தது என்று கேட்கிறீர்கள். அது என்னுடையது இல்லை.

எங்கள் கடையில் லோடு ஏற்றுகிற தம்பியுடையது. மூன்று பிள்ளைக்காரன். "கிளினிக் ரூம்ல எனக்குக் கூச்சமா இருக்குடா, நீ கொஞ்சம் உதவி பண்ணேன்" என்றேன். "மெத்தை தூக்கறதுக்குத்தான் என்னை வேலைக்கு வெச்சீங்கன்னு நெனச்சேண்ணே" என்று விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டிலிருந்தே கொண்டுவரலாம், சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் நர்ஸ் சொல்லியிருந்தார். டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் ஸ்கூட்டர் ஓட்டி வந்தேன். அடுத்தவன் பொருளை அவ்வளவு பொறுப்பாக நான் சுமந்ததே இல்லை.

அதற்கு முன்பே வேறு ஊருக்குப் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை சோதித்துப் பார்த்திருந்தேன். பூஜ்யம். அந்த டாக்டர் நல்ல மனிதர். "பயப்படாதீங்க, வர்ற வழியில அடைப்பு இருந்தாலும் இப்படித்தான் காட்டும். விரையிலேர்ந்து சின்ன ஊசியால எடுத்துப் பாக்கலாம், நெறைய பேருக்குக் கெடைச்சிருக்கு" என்றார். ஊசி என்று காதில் விழுந்ததும் எழுந்துவிட்டேன். குடையைக்கூட எடுக்காமல் மழையில் நனைந்து பஸ் ஏறினேன்.

என் அளவில் முயற்சி செய்யாமல் இல்லை. தொளதொள உள்ளாடை, பச்சைத் தண்ணீர்க் குளியல், பேண்ட் பாக்கெட்டில் போன் வைப்பதில்லை. பார்க்கப்போனால் பெரிய தியாகம்தான்.

என் ரிப்போர்ட் சுத்தமாக இருந்ததால் நீங்கள் குறையை அவளிடம் தேடினீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. முட்டை வளர மாத்திரை, அப்புறம் ஊசி, கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே, வயிற்றில் துளை போட்டுக் கேமரா. எக்ஸ்ரே அன்று அவள் அலறியது வெளியே எனக்குக் கேட்டது. வயிற்று ஊசியை வீட்டில் அவளே போட்டுக்கொள்வாள். முதல் தடவை மயங்கி விழுந்தது நான்தான். ஊசியைக் கையில் பிடித்தபடியே எனக்குத் தண்ணீர் தெளித்து, "நீங்க சுவத்தப் பாத்து ஒக்காந்துக்கோங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் சுவரைப் பார்த்தபடி துணை இருந்தேன்.

என் அம்மா அவளைக் குத்திக்காட்டும்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "என்ன கொறை இருந்தாலும் நான் அவளக் கைவிட மாட்டேம்மா" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒங்கள மாதிரி தங்கமான மாப்பிள்ளை கெடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். மன்னித்தேன். அன்றைக்கு எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

விந்தைக் கழுவி நேராகக் கருப்பைக்குள் செலுத்திப் பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னபோதெல்லாம், இயற்கையாகவே பார்ப்போமே என்று தட்டிக்கழித்தேன். தம்பியைத் திரும்பக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பான். ஆனால் அடுத்தவனுடையதைக் கட்டின மனைவிக்குள் செலுத்த விடுகிற அளவுக்கு நான் கேடுகெட்டவன் இல்லை.

இந்தத் தடவை அவளே முந்திக்கொண்டாள். வயது ஏறுகிறது, சோதனைக் குழாய்தான் வழி என்று தேதி வாங்கிவந்துவிட்டாள். முட்டை எடுக்கிற அன்று கணவன் இங்கேயே கொடுக்க வேண்டும், கதவுக்கு வெளியே நர்ஸ் நிற்பார் என்பது எனக்கு இன்று காலையில்தான் தெரியும். தம்பியைத் தெருமுனையில் நிறுத்தி வைத்திருந்தேன், ஓர் அவசரத்துக்கு. பாவம், இன்னும் நிற்கிறான்.

அந்தச் சின்ன ஊசியை இன்றைக்கே எனக்குப் போட்டுப் பார்க்கலாம் என்கிறீர்கள். முட்டைகள் இன்னும் சில மணி நேரம் தாங்கும், ஆனால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். நானும் யோசித்துவிட்டேன் டாக்டர். வேண்டாம். இந்த மயக்கத்திலிருந்து எழுந்து இதையும் கேட்டால் அவள் உடைந்துபோவாள். அவள் அழுதால் என்னால் பார்க்க முடியாது. கண் விழித்ததும் முட்டை சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு அவளுக்குப் பழகிவிட்டது.