மேல் வீட்டுக்குக் கீழே ஒரு ஹால்

நகராட்சியிலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்றாலே வீடு கட்டுகிறவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். எனக்கு உங்களைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது, சார். டீயைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. வேலையையே விட்டுவிடப் போகிறேன் என்கிறீர்கள். நீங்கள் ஒட்டிய தடை உத்தரவால்தான் என் அண்ணன் செத்தான் என்று தூக்கம் வராமல் புரள்கிறீர்களாம். இப்படி ஒரு நல்ல மனுஷர் வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கேட்டு முடிக்கும்போது உங்களுக்கு மனசு லேசாகிவிடும்.

நான் திரைச்சீலைக் கடைக்காரன். ஜன்னலை அளப்பதுதான் பிழைப்பு. அதனால் அளவு, கோடு, விதி என்றால் மற்றவர்களைப் போல எனக்கு எரிச்சல் வராது. அப்பா விட்டுப்போன சரிவு நிலத்தை அண்ணனும் நானும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். மேல் பாதி அவனுக்கு, கீழ்ப் பாதி எனக்கு. அவன் முதலில் கட்டிக்கொண்டான். அவனுடைய பின் அறை என் மனையைப் பார்த்தபடி சரிவின் விளிம்பிலேயே நிற்கும். அதன் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, கீழே நான் என்ன செய்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டான். "டேய், வேலி கோணலா போகுதுடா." "டேய், அந்தச் செடி அங்க வராதுடா." ஐம்பது வயதுக்காரனைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி 'டேய்' என்பான். எல்லாம் பாசம்தான். நான் ஒருநாளும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

நான் மண்ணை வெட்டத் தொடங்கியபோது நீங்கள் வந்து விதிகளைப் பொறுமையாகச் சொன்னீர்கள். லாரி தெருவுக்கு ஏறும் முன் சக்கரத்தைக் கழுவ வேண்டும். மண் கரைந்து சாக்கடைக்குப் போகாமல் கீழ் ஓரத்தில் தடுப்புத் துணி கட்ட வேண்டும். குவித்த மண்ணை மூடி வைக்க வேண்டும். துணி விஷயம் என்றால் எனக்குச் சொல்லியா தர வேண்டும்? நான் கட்டிய தடுப்பில் ஒரு சுருக்கம் பார்த்திருப்பீர்களா? போனில் படம் எடுத்து, மற்ற இடங்களில் இதைக் காட்டப் போகிறேன் என்றீர்கள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு விதிதான் இடித்தது. மேலே வீடு இருந்தால் அதன் அஸ்திவாரத்தை விட்டு நன்றாகத் தள்ளித்தான் வெட்ட வேண்டும். நீங்கள் சுண்ணாம்பால் கோடு போட்டீர்கள். அந்தக் கோடு என் ஹாலில் பாதியைச் சாப்பிட்டுவிட்டது. ஒரு சுவர் முழுக்க ஜன்னல், அதற்குக் கூரையிலிருந்து தரை வரை என் கடையிலேயே உயர்ந்த துணி என்று எத்தனை வருஷமாக நினைத்து வைத்திருந்தேன் தெரியுமா. மேலேயிருந்து அண்ணன் கோட்டைப் பார்த்துவிட்டு, "டேய், ஹால் கட்டுறியா, சந்து கட்டுறியா?" என்றான். தெருவில் போன இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தானே.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஆறுதலாக, "என்ன சார் பண்றது. மேல வீடு இல்லேன்னா எல்லை வரைக்கும் வெட்டிக்கலாம்" என்றீர்கள். நீங்கள் பேச்சுக்குச் சொன்னதுதான், உங்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வது என் சுபாவம்.

பொக்லைன் ஓட்ட வந்தவர் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே வேலை செய்வார். பாட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அண்ணனும் அண்ணியும் வெளியே போயிருந்த நாளில், அவரைக் கோட்டைத் தாண்டி வெட்டச் சொன்னேன். மண் வழித்தெடுத்த மாதிரி நேராக வந்தது. கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுவிட்டது.

"சார், இது அந்த ரூமோட அடிமடியிலயே கை வெச்ச மாதிரி இருக்கு. நாளைக்கே தடுப்புச் சுவர் ஆரம்பிச்சுடுங்க. மழை வந்தா நிக்காது."

"நாளைக்கே கொத்தனார் வர்றாருங்க" என்றேன். பொய் இல்லை, வரச் சொல்லித்தான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் எதிர்க்கடைப் போனிலிருந்து உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்று சொல்லி, என் மேல் புகார் கொடுத்தேன். ஆமாம் சார், அந்தப் புகார்க்காரர் நான்தான். பேரைக்கூடக் கேட்கவில்லை. "ரொம்பத் திமிர் பிடிச்ச ஆளுங்க, சட்டத்தையே மதிக்கிறதில்ல, உடனே வேலைய நிறுத்துங்க" என்று என்னையே திட்டும்போது சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையிலேயே நீங்கள் வந்து சிவப்புத் தாளை ஒட்டினீர்கள். கொத்தனார் வந்த வழியே திரும்பிப் போனார். உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களே, அன்று என்ன சொன்னீர்கள் என்று மறந்துவிட்டதா? "கட்டுற வேலைக்குத்தான் சார் தடை. பாதுகாப்புக்கு மண்ணைத் திருப்பிக் கொட்டலாம், முட்டுக் கொடுக்கலாம், மூடி வைக்கலாம். எனக்கு ஒரு போன் போட்டுட்டு இன்னைக்கே செஞ்சுடுங்க. மேல இருக்கறவங்க அந்த ரூம்ல படுக்கவே கூடாது. நானே போய்ச் சொல்லிடறேன்." சொல்லிவிட்டு, அந்த முழங்கால் வலியோடு படியேறக் கிளம்பினீர்கள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எங்க அண்ணன் சார். நான் சொன்னாத்தான் கேப்பான்." கூடப் பிறந்தவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அப்போதும் மனசு கேட்காமல் மறுநாள் போன் செய்து விசாரித்தீர்கள். மண்ணைக் கொட்டியாகிவிட்டது, அவர்கள் முன் அறைக்கு மாறியாகிவிட்டது என்றேன். இதற்குமேல் ஒரு அதிகாரி என்ன சார் செய்ய முடியும்?

அண்ணன் குழியைப் பார்த்ததும் ஜன்னலிலிருந்து கத்தவில்லை. தோளில் ஒரு தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு நேராக இறங்கி வந்துவிட்டான்.

"என்னடா இப்படி வெட்டி வெச்சிருக்க. மழை வருது, வா, ரெண்டு பேருமா சேர்ந்து மூடிடலாம்."

நான் சிவப்புத் தாளைக் காட்டினேன். "தொடக் கூடாதுண்ணே. ஒரு கைப்பிடி மண்ண அசைச்சாலும் என்னைத் தூக்கி உள்ள வெச்சுடுவாங்க."

அவன் உங்களை வாயில் வந்தபடி திட்டினான். நான் விட்டுக்கொடுக்காமல் உங்களுக்காகப் பரிந்து பேசினேன். கடைசியில், "சரி, உனக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுடா" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை மடித்து எடுத்துக்கொண்டு போனான். நான் படி வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அண்ணி நனைந்துகொண்டே கடைக்கு வந்தார். "தம்பி, பின் ரூம் கதவு மூட மாட்டேங்குது. தரையில வேற விரிசல் விட்டிருக்கு. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"மழைக்கு எல்லா வீட்டுக் கதவும்தான் உப்பும் அண்ணி. அதிகாரியே வந்து பாத்து, பயமில்லைன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

உங்கள் பேச்சை எடுத்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. ஜனங்களுக்கு உங்கள் மேல் எவ்வளவு மரியாதை பாருங்கள். மீந்துபோன நல்ல துணி ஒன்று இருந்தது. அந்த அறை ஜன்னலுக்கு இருக்கட்டும் என்று இனாமாகவே கொடுத்தனுப்பினேன்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் பின் அறை அப்படியே கீழே இறங்கிவிட்டது. அண்ணன் சாப்பிட்டுவிட்டு அங்கேதான் ஒரு தூக்கம் போடுவான். அண்ணி முன்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். அண்ணனை வெளியே எடுத்தபோது தலைமாட்டில் தூக்கியவன் நான்தான். வாய்விட்டு அழுதேன். நீங்களே பார்த்தீர்கள், அதில் நடிப்பு இருந்ததா?

மீதி வீட்டையும் இடித்தாக வேண்டும் என்று உங்கள் பொறியாளர் சொல்லிவிட்டார். அண்ணி இப்போது எங்களோடுதான் இருக்கிறார், என் மனைவி கூடப் பிறந்த அக்காவைப் போலப் பார்த்துக்கொள்கிறாள். நானும் உங்கள் விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டேன். கோட்டைத் தாண்டி வெட்டியதற்கு அபராதம் உண்டு, சந்தோஷமாகக் கட்டிவிடுகிறேன். தன் மேல் தானே புகார் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை. ஆகவே வேலையை விடுகிற பேச்சை விட்டுவிடுங்கள். புது வரைபடம் மேசை மேல் இருக்கிறது, ஹால் எல்லை வரைக்கும் போகிறது. ஜன்னலைப் பார்த்தால் உங்களுக்கே பிடிக்கும். நீங்கள் இருந்து கையெழுத்துப் போட்டால்தான் எனக்குத் திருப்தி.

ஏன் டீயைக் கீழே வைத்துவிட்டீர்கள்? என்ன கேட்டீர்கள்? அன்று மத்தியானம் அண்ணி எனக்குப் போன் செய்தாரா என்றா?

செய்தார். எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கேட்பார். நான் கீழே என் மனையில்தான் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். அண்ணனின் அறைக்கும் மண்ணுக்கும் நடுவில் கையை விடலாம் போல இடைவெளி தெரிந்தது. "தம்பி, பின்னாடி மண்ணு பொலபொலன்னு கொட்டுற சத்தம் கேக்குது. அவரு நல்லா அசந்து தூங்கறாரு. எழுப்பி இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்துடட்டுமா?" என்றார்.

"வேண்டாம் அண்ணி, தூங்கட்டும்" என்றேன். பாதித் தூக்கத்தில் எழுப்பினால் அண்ணனுக்கு நாள் முழுக்கத் தலைவலி, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவனுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று என்னைவிட யார் சார் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள்?