நடைபாதை வளையும் இடம்

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவளின் மடியில் வெறும் ஓலைக்கடகம்.

"சந்தையடியிலை புது நடைபாதை வளையிற இடம் இருக்கெல்லே, அது நான்தான்," என்றாள் மூத்தவள்.

"என்னக்கா கதைக்கிறியள்?"

"அதைக் கட்டுறதுக்கு முதல் சபைக்காரர் தெருவிலை விக்கிற எங்களையும் கூப்பிட்டுக் கேட்டவை. வாழைப்பழக் கடகத்தோடை என்னை இருத்தி, சுத்திவரச் சோக்குக்கட்டியாலை கோடு கீறினவை. வாங்கிறவை நிக்கவும் இடம் விடுங்கோ எண்டன். விட்டவை."

"முந்தி உங்களைக் கலைக்கவெல்லோ வாறவை."

"ஓம். இப்ப அந்தக் கோட்டிலைதான் கல்லுப் பதிச்சிருக்கினம்."

"நீங்கள் வராத நாளிலை?"

இறங்குமிடம் வந்துவிட்டது. மூத்தவள் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வராட்டிலும் சனம் என்னைச் சுத்தித்தான் போகவேணும்."